காலையில் மட்டும் இயங்க மறுக்கும் 2012ஆம் ஆண்டுக் கணினி: மதர்போர்டு உண்மையிலேயே போய்விட்டதா?

அச்சுக்கோப்பவர் (திருவல்லிக்கேணி)

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை ஆகியவைதாம் எங்கள் பிழைப்பு. 2012இல் ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிப் பொருத்திய கணினியில்தான் இன்றுவரை பக்க வடிவமைப்பு நடக்கிறது. எச்61 மதர்போர்டு, டி.டி.ஆர்.3 ராம், விண்டோஸ் எக்ஸ்.பி., பேஜ்மேக்கர் 7. இவற்றோடு, பழைய பிரிண்டர் முனையான பேரலல் போர்ட்டில், உரிமச் சாவியாக வரும் டாங்கிளைச் செருகினால் மட்டுமே திறக்கும் தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒன்றும் உண்டு.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, காலையில் கடையைத் திறந்து பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. நாலைந்து முறை அழுத்தியும் பயனில்லை. கடையைப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூப் போட்டுவிட்டு வந்து, அரை மணி கழித்து அழுத்தினால் ஒன்றுமே நடவாததுபோல் இயங்குகிறது. அதன் பிறகு இரவு வரை எந்தக் குறையும் இல்லை. ஆனால் தேதி 2011க்குப் போய்விடுகிறது. எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரையில் நிற்கிறது. சில நாள் நீலத் திரை வந்து, 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டுகிறது. சில நாள் டாங்கிளே இல்லை என்கிறது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, இதற்கு இனிமேல் போர்டு கிடைக்காது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தை முகூர்த்தத்துக்கான வேலைகள் குவிந்து கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செம்புக்கம்பி

ஐயா, போர்டைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. இரவில் கணினியை ஷட் டவுன் செய்வதோடு விடுகிறீர்களா, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைக்கிறீர்களா?

அச்சுக்கோப்பவர்

மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவோம் ஐயா, யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து. கடை முழுக்கக் காகிதம் என்பதால் அப்பா காலத்திலிருந்து அது மாறாத பழக்கம்.

செம்புக்கம்பி

நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒரு பழுது அன்று, ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுதுகள். பத்து நிமிடம் பார்த்தவர்களுக்கு அது பிடிபடாததில் வியப்பில்லை, ஏனென்றால் கடைக்குத் தூக்கிப் போய், வரிசையில் காத்திருந்து, மின்சாரத்தில் செருகி வைத்த நேரத்தில் உங்கள் இயந்திரம் சூடேறியிருக்கும்.

முதலில் எளியதைப் பார்ப்போம். மதர்போர்டில் நாணயம்போல் ஒரு சி.ஆர்.2032 பேட்டரி இருக்கும். சுவரில் மின்சாரம் இருக்கும்வரை போர்டின் கடிகாரத்துக்குக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸே சோறு போடும். மெயினை அணைத்த பிறகு கடிகாரமும், கணினி எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸின் அமைப்புகளும் அந்தப் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு காலையும் பயாஸ் தன் பிறந்த நாள் நிலைக்குப் போய்விடும். தேதி பின்னோக்கிப் போவது இதனால்தான். எக்ஸ்.பி. நிறுவிய அன்று யாரோ ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறையை, பழையதான ஐ.டி.இ. என்று மாற்றி வைத்திருப்பார். பயாஸ் அதை மறந்து புதிய முறையான ஏ.எச்.சி.ஐ.க்குத் திரும்பும்போது, எக்ஸ்.பி.யிடம் அதற்கான டிரைவர் இல்லாததால் 7பி நீலத் திரை வருகிறது. பேரலல் போர்ட்டின் முறையும் முகவரியும் மாறும்போது டாங்கிள் காணாமற்போகிறது. நீங்கள் தனித்தனியாகச் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் ஐம்பது ரூபாய்க்குள் முடியும் ஒரு பேட்டரி என்பது என் ஊகம். மல்டிமீட்டரில் 3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்; 2.7க்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஆனால் பேட்டரியை மாற்றியதும் காலையில் பொத்தானுக்குக் கட்டுப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது இரண்டாவது பழுது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும், மின் இணைப்பு உள்ளவரை 5 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும் சிறு பகுதி ஒன்று அதில் உண்டு. பொத்தானை அழுத்தும்போது போர்டு விழித்தெழுவது அந்த மின்சாரத்தால்தான். அங்கே இருக்கும் மின்தேக்கிகளின் உள்ளே உள்ள திரவம் ஆண்டுக்கணக்கான சூட்டில் வற்றிவிடும். வற்றிய மின்தேக்கி, குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யாமல் அடம் பிடிக்கும். கொஞ்ச நேரம் மின்சாரம் பாய்ந்து சூடேறினால் தேறிவிடும். நீங்கள் பூப் போட்டுவிட்டு வரும் அந்த அரை மணியில் நடப்பது இதுதான்.

நாளைக் காலை, மெயினைப் போட்டவுடன், பொத்தானைத் தொடாமல், மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முனை இணைப்பானின் பின்புறமாக ஊதா நிறக் கம்பியில் மீட்டரின் சிவப்பு முனையையும், ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியில் கறுப்பு முனையையும் வைத்து அளந்து பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். அரை மணி கழித்து மறுபடியும் அளங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்கி நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

புதியன புகுதல்

இவ்வளவு பாடு எதற்கு? எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்குக்கூட 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய கணினியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே?

நங்கநல்லூர் வாசகி

தம்பி சொல்வது வீட்டுக் கணினிக்குப் பொருந்தும். இருபது ஆண்டுகள் டி.டி.பி. என்னும் கணினிப் பக்க வடிவமைப்பு வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அச்சகத்தாருக்கு உடனே பொருந்தாது. இப்போது விற்கும் போர்டுகளில் பேரலல் போர்ட்டைக் காண்பதே அரிது, எக்ஸ்.பி.க்கான டிரைவரும் இல்லை. யு.எஸ்.பி.யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறதே என்று நானும் ஒருமுறை ஏமாந்தேன். அது பிரிண்டருக்கு மட்டும்தான் உதவும். பழைய டாங்கிள் மென்பொருள்கள் 378 என்ற போர்ட் முகவரியிலேயே நேரடியாகப் போய்த் தட்டுகின்றன. அந்தக் கேபிளில் தட்டுவதற்குக் கதவே கிடையாது.

கணினி இணையத்தில் இல்லாமல் இருந்தால் எக்ஸ்.பி. ஓடிக்கொண்டிருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. வெளியார் கொண்டுவரும் பென் டிரைவை அதில் நேரே செருகாமல் இருந்தால் போதும். எனக்குக் கவலை ஹார்டு டிஸ்க்கைப் பற்றித்தான். அதுவும் 2012இல் வாங்கியதுதானா ஐயா? அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சரிசெய்த மறுநாளே குளோன்சில்லா போன்ற பிரதியெடுக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து, முழு டிஸ்க்கையும் அதே அளவோ கூடுதலோ உள்ள வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து வையுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் எழுத்துருவும் மென்பொருளும் கூட வாரா.

நிதானமாகச் செய்ய வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பழைய அழைப்பிதழ்கள் எல்லாம் யூனிகோடு அல்லாத குறியீட்டில் இருக்கும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகளை ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகளோடு நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொண்டோம். அடிக்கடி தேவைப்படும் வாசகங்களை ஒரு குறியீடு மாற்றியின் வழியே யூனிகோடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் முகூர்த்தம் தவறிவிடும். பேஜ்மேக்கர் கோப்புகளை, அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருளின் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அச்சுக்கோப்பவர்

அளந்துவிட்டேன். பேட்டரி 1.9 வோல்ட். ஊதாக் கம்பி காலை ஒன்பது மணிக்கு 4.2 காட்டியது, பொத்தானை அழுத்திய கணத்தில் 3க்குக் கீழே சரிந்து மேலேறியது. ஒன்பதரைக்கு அதே கம்பியில் 4.9. செம்புக்கம்பி ஐயா பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் சொல்லியிருக்கிறார்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போகிறேன். 450 வாட் என்று அச்சிட்டு மலிவாக விற்பதை வாங்கலாமா?

செம்புக்கம்பி

வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள். காற்றாக இருந்தால் உள்ளே சுருளும் வெப்பத்தகடும் சிறியவை என்று பொருள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று தனியே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இயந்திரத்துக்கு 300 வாட்டே தாராளம். மூன்று ஆண்டு வாரண்டி எழுதித் தருகிற தயாரிப்பாக, ரசீதோடு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். அப்படியே நரசிங்கபுரம் தெருப் பக்கம், பயன்படுத்திய எச்61 போர்டு ஒன்று பேரலல் முனையோடு கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கி வையுங்கள். இந்த வகைப் போர்டு எளிதில் கிடைக்கும் காலம் இன்னும் முழுதாக முடிந்துவிடவில்லை.

அச்சுக்கோப்பவர்

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். புதிய எஸ்.எம்.பி.எஸ்., புதிய பேட்டரி. இடையில் இரண்டு நாள் அடைமழை பெய்து, கடைவாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற காலையிலும் முதல் அழுத்திலேயே எழுந்துகொண்டது. பேட்டரியை மாற்றிய அன்று டாங்கிள் மறுபடியும் முரண்டு பிடித்தது. பயாஸில் பேரலல் போர்ட்டின் முகவரியை 378 என்றும் முறையை இ.பி.பி. என்றும் மாற்றியதும் பணிந்தது. டிஸ்க்கைப் பிரதி எடுத்து, பிரதியைப் பொருத்தி ஒரு நாள் முழுவதும் அதிலேயே வேலை பார்த்துச் சோதித்த பிறகு, வீட்டில் அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன். பயன்படுத்திய போர்டு ஒன்றும் கிடைத்தது. அதில் பேரலல் முனை இருக்கிறது, அதைப் பெட்டியின் பின்புறத்துக்கு எடுத்துவரும் கேபிள்தான் இல்லை, அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பயாஸ் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, மிச்சமிருந்த சந்தன நிற அழைப்பிதழ் அட்டையில் அச்சடித்து, கேபினட் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டேன். அதன் கீழே பேட்டரி மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதியிருக்கிறேன்.