அப்பாவின் பீடியை நிறுத்த வழி சொல்லுங்கள்

சேலத்து உறவுகளே, வணக்கம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு வயது 61. போன மாதம் நெஞ்சுவலி. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் வந்து சேர்வதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இதயக் குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தாயிற்று. பீடியை மட்டும் விடவில்லை. "குளிருக்கு ஒன்றே ஒன்று" என்கிறார். (அந்த ஒன்று எத்தனை என்பது கொல்லைப்புறத்துக்குத்தான் தெரியும்.)

புகையிலையிலுள்ள நிகோட்டின், அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது என்றார் மருத்துவர். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதாம். இதயத்துக்கு வேலை கூடுகிறது, கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் தீப்பெட்டியைத் தேடினார்!

ஸ்டென்ட் வைத்தபின், மருத்துவரைக் கேட்டு நிகோட்டின் சூயிங்கம் மென்று பீடியை விட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அதிலும் நிகோட்டின்தானே என்று அம்மா பயப்படுகிறார். அடுத்த முறை மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். திட்டிப் பார்த்துவிட்டோம், அதைத் தவிர வேறு எதுவானாலும் சரி.