புதுப்பிப்பு: வேலையை விடாமல் எம்.ஏ., இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன்

ஷிஃப்ட் வேலையோடு எம்.ஏ. பொருளியல் படிக்க மாலைக் கல்லூரியா, தொலைநிலைக் கல்வியா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த தொலைநிலைப் படிப்புகளின் பட்டியலை முதலில் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. நான் நினைத்திருந்த பல்கலைக்கழகம் அதிலேயே அடிபட்டுப்போனது.

சரி, இக்னோ. 2 வருடப் படிப்பை 4 வருடம் வரை நீட்டிக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

எதிர்பாராதது அசைன்மென்ட். மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, பக்கம் பக்கமாகக் கையால்தான் எழுத வேண்டும் (பேனா பிடித்தே எத்தனை காலம்!). அப்புறம், ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் சேர்க்கைக் கட்டணத்தில் அடங்காது.