பிளைட் பயம் – 11 வருஷமா டெல்லில இருந்து ஊருக்கு ரயில்லயே போறேன், இப்ப லே போகணுமாம்

அல்வாசிட்டி_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி, இருக்கறது மயூர் விஹார், வேலை நொய்டால. 2014 மே மாசம் சென்னைல இருந்து டெல்லி வர்ற பிளைட்ல ஒரு குலுக்கு குலுக்குச்சு பாருங்க, பக்கத்து சீட் ஆளோட காபி என் மடில, பின்னாடி ஒரு குழந்தை வீல்னு அலறுது, அன்னைக்கு இறங்கினவ இன்னும் திரும்ப ஏறல. அதுக்கப்புறம் ஊருக்குப் போறதுன்னா நிஜாமுதீன்ல திருக்குறள் எக்ஸ்பிரஸ்தான், ரெண்டு ராத்திரி, சப்பாத்தி, புளியோதரை, சீட்டுக்கட்டு. அது கிடைக்கலன்னா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் அங்கருந்து நெல்லை. 10 நாள் லீவு போட்டா 5 நாள் தண்டவாளத்துலயே போயிடும். எனக்கு ரயில்தான் பிடிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

இப்ப பிரச்சனை என்னன்னா ஜூன்ல லடாக்ல இருக்கற லேக்குப் போலாம்னு அவரும் அவர் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு குடும்பமும் பிளான் போட்டுட்டாங்க. காலைல பிளைட் ஏறினா ஒன்னேகால் மணி நேரத்துல லேயாம். நான் மணாலி வழியா கார்ல வந்துடறேன்னு சொன்னேன், எல்லாரும் சிரிக்கறாங்க. என் பையனுக்கு 9 வயசு, அவன் கிளாஸ்ல பிளைட்ல போகாதது இவன் மட்டும்தானாம், "நீ பயந்தா நானும் பயப்படணுமாம்மா"ன்னு கேட்டுட்டான். அதுதான் சுருக்குனு இருந்துச்சு.

2025 ஜூன்ல அகமதாபாத் விபத்து நடந்தப்ப அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே தெரியாது. பார்க்கக் கூடாதுன்னு தெரியுது, கை தானா போகுது. தூக்க மாத்திரை போட்டுட்டு ஏறிடலாமா? யாராவது இதுல இருந்து நிஜமாவே வெளிய வந்திருக்கீங்களா? ரோட்டுல சாகறவங்கதான் அதிகம்னு கணக்கு சொல்றவங்க தயவு செஞ்சு வேண்டாம், அது எனக்கும் தெரியும், தெரிஞ்சும்தான் பயமா இருக்கு.

மணாலி_புல்லட்:

அக்கா, கணக்கு சொல்லல, ஆனா மணாலி-லே ரோட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். நான் 3 தடவை பைக்ல போயிருக்கேன். அடல் டனல் வந்ததுல இருந்து ரோதாங் கணவாய் ஏற வேண்டியதில்லதான், ஆனா அதுக்கப்புறம் வர்ற கணவாய்ங்க இருக்கே, பாரலாச்சா லா 16,000 அடிக்கு மேல, தங்லங் லா 17,000 அடியையும் தாண்டும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்னுமே இல்ல. நடுவுல பனி உருகி ரோட்டு மேலயே ஆறு மாதிரி ஓடும், எதிர்ல ஆர்மி லாரி வரும், உங்க டிரைவர் ரிவர்ஸ் எடுப்பாரு. பிளைட்டுக்குப் பயந்து இந்த ரோட்டுக்கு வர்றேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் 😄 ரெண்டு நாள் ஆகும், பையனுக்கு வழியிலயே தலைவலி வாந்தி வர சான்ஸ் இருக்கு.

நட்டு_போல்ட்டு:

நான் ஏர்போர்ட்ல லைன் மெயின்டனன்ஸ்ல 14 வருஷமா இருக்கேன், ராத்திரி ஷிஃப்ட்ல விமானத்தோட வயித்துக்கு அடியில படுத்து எந்திரிக்கறவன். என் அனுபவத்துல பயப்படறவங்க முக்கால்வாசி பேர் சத்தத்துக்குத்தான் பயப்படறாங்க. எந்தச் சத்தம் எதுக்குன்னு தெரியாததால ஒவ்வொன்னும் ஏதோ உடைஞ்ச மாதிரியே கேக்குது. அதனால வரிசையா சொல்றேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

உள்நாட்டுல நீங்க ஏறப்போறது அநேகமா ஏர்பஸ் ஏ320 குடும்பம். கிளம்பறதுக்கு முன்னாடி காலுக்கு அடியில ரம்பம் போட்டு மரம் அறுக்கற மாதிரி, சிலருக்கு நாய் குரைக்கற மாதிரி ஒரு சத்தம் வரும். ரெண்டு ஹைட்ராலிக் லைனுக்கு நடுவுல இருக்கற ஒரு யூனிட் பிரஷரை சமன் பண்ற சத்தம் அது. எஞ்சின் ஒவ்வொன்னா ஸ்டார்ட் ஆகும்போது வரும். ஒரு கோளாறும் இல்ல, தினமும் கேக்கறோம்.

ரன்வேல ஓடும்போது தட் தட் தட்னு அடிக்கறது முன் சக்கரம் நடுக்கோட்டு விளக்கு மேல ஏறி இறங்கறது. மேல கிளம்பின உடனே அடியில காத்து இரைச்சல், அப்புறம் டொம்முனு ஒன்னு, சக்கரம் உள்ள போய் கதவு மூடிக்குது. இதுக்கு அடுத்துதான் எல்லாரும் செத்தோம்னு நினைக்கற இடம். தரையில இருந்து ஆயிரம் ஆயிரத்தைந்நூறு அடி போன உடனே பைலட் எஞ்சின் பவரைக் கொஞ்சம் குறைப்பாங்க, அவ்ளோ நேரம் கத்திட்டிருந்த சத்தம் சட்டுனு அடங்கும், உடம்பு கீழ இறங்கற மாதிரி இருக்கும். இறங்கல, ஏறிட்டுத்தான் இருக்கு. ஏறற வேகம் குறைஞ்சதைக் காது "விழறோம்"னு தப்பா சொல்லுது, அவ்ளோதான்.

றெக்கை ஆடறதைப் பார்த்துப் பயப்படாதீங்க, ஆடாம விறைப்பா இருந்தாதான் நான் பயப்படுவேன். சர்வீஸ்ல வரக்கூடிய அதிகபட்ச பாரம்னு ஒன்னு கணக்கு போட்டு, அதுல ஒன்றரை மடங்கு தாங்கற மாதிரி கட்டறாங்க, வளைச்சுப் பார்த்து டெஸ்ட் பண்ணித்தான் விடறாங்க. டேக் ஆஃப்ல ஒரு எஞ்சின் போனாலும் மிச்ச ஒன்னுல ஏறணும்ங்கறதும் கணக்குல உண்டு. ரெண்டும் நின்னாக்கூட கல்லு மாதிரி விழாது. 1983ல கனடால ஒரு போயிங் 767 விமானம் நடுவானத்துல எரிபொருள் தீர்ந்து (அளவுல லிட்டர் கிலோ பவுண்ட் குழப்பம், எங்க தொழில்ல இன்னைக்கும் வகுப்பெடுக்கற கதை) பட்டம் மாதிரி மிதந்து வந்து ஒரு பழைய ரன்வேல இறங்குச்சு, ஒருத்தர்கூட சாகல.

அகமதாபாத் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல. எங்களுக்கும் அது வலிதான், அன்னைக்கு ஷிஃப்ட்ல யாரும் யார் கூடயும் பேசல.

மலைமந்திர்_மாமி:

அம்மாடி, நான் ஆர்.கே.புரம். எனக்கு 58 வயசுலதான் முதல் பிளைட், பொண்ணு பிரசவத்துக்கு பெங்களூரு. அவர் போனதுக்கப்புறம் தனியா. கதவைச் சாத்தினப்பவே நெஞ்சு படபடன்னு அடிச்சுண்டது, பக்கத்துல ஒரு வயசான சர்தார்ஜி, யார் எவர்னு தெரியாது, கிளம்பறச்சே அவர் கையை கெட்டியா பிடிச்சுண்டுட்டேன். "மாதாஜி, குச் நஹி ஹோத்தா"ன்னார். அப்புறம் அவர் பாட்டுக்கு தூங்கிப் போய்ட்டார், என் கை அவர் கைக்குள்ள! எடுத்தா முழிச்சுப்பாரோன்னு நாக்பூர் தாண்டற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். அந்த சங்கடத்துல பயம் மறந்தே போச்சு. இப்ப வருஷம் ரெண்டு தடவை போய்ண்டு வரேன், இன்னும் கிளம்பறச்சே முருகா முருகாதான். பயம் போகலை, அது பாட்டுக்கு அது வரது, நான் பாட்டுக்கு நான் போறேன்.

முன்னாள்_பேஷன்ட்:

நான் இதுக்குன்னே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட 9 செஷன் போனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. அவங்க முதல் நாள் கேட்ட கேள்வி: "உங்களுக்கு சரியா எதுக்குப் பயம்?" விமானம் விழும்னு சொன்னேன். தோண்டிப் பார்த்தா அது இல்ல. கதவு மூடினா வெளிய போக முடியாது, அங்க எனக்கு ஏதாவது ஆகி, எல்லாரும் பார்க்க நான் கத்திடுவேனோன்னுதான் பயம். லிஃப்ட்ல, மெட்ரோல கூட்டத்துலயும் அதேதான் இருந்திருக்கு, நான் கவனிக்கல. உங்களுக்கு எதுன்னு முதல்ல பாருங்க. விழுந்துடும்னு பயப்படறவங்களுக்கு நட்டு போல்ட்டு சொன்னது மருந்து. என் மாதிரி ஆளுக்கு றெக்கை எவ்ளோ வளைஞ்சாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

ரெண்டாவது, 11 வருஷமா நீங்க ரயில்ல போனது பயத்துக்கு நீங்க போட்ட சாப்பாடு. தவிர்க்கும்போது அந்த நிமிஷம் அப்பாடான்னு இருக்கும், மூளை "பார்த்தியா, போகாததாலதான் பிழைச்சோம்"னு எழுதி வச்சுக்கும். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கறதும் அதே வகைதான், உஷாரா இருக்கற மாதிரி ஒரு நினைப்பு.

மூச்சு விஷயம்: எல்லாரும் நல்லா இழுத்து விடுங்கம்பாங்க, பதட்டத்துல இழுத்துட்டே இருந்தா தலை சுத்தும், விரல் மரத்துப் போகும். 4 எண்ணி இழுத்து 6 இல்ல 7 எண்ணி வெளிய விடுங்க. விடறதுதான் நீளமா இருக்கணும். வீட்டுல தினமும் பழகிட்டுப் போங்க, அங்க போய் முதல் தடவையா பண்ணா வராது.

இப்ப முக்கியமானது. உங்க முதல் பிளைட் லேயா இருக்கக் கூடாதுன்னு நான் நினைக்கறேன். லே ஏர்போர்ட் 10,600 அடிக்கு மேல. டெல்லி எழுநூறு எண்ணூறு அடிதான். இறங்கி நாலு படி ஏறினா யாருக்கா இருந்தாலும் மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், ராத்திரி தூக்கம் வராது. பானிக் வரும்போது என்னெல்லாம் ஆகுமோ கிட்டத்தட்ட அதே லிஸ்ட்! ஏற்கனவே பயந்துட்டு இறங்கினவங்களுக்கு எது உயரம், எது பயம்னு பிரிச்சுப் பார்க்க முடியாது, ட்ரிப் முழுக்க ரூமுக்குள்ளயே போயிடும். அதுக்காக எல்லாத்தையும் பயத்து மேலயே போட்டுடவும் கூடாது, தலைவலி வாந்தி அதிகமானா, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு திணறினா உடனே டாக்டர்தான்.

தூக்க மாத்திரை நீங்களா போடவே போடாதீங்க. அந்த வகை மாத்திரை மூச்சை மந்தமாக்கும், உயரத்துல அது ஆபத்து. தண்ணி அடிக்கறதும் அப்படித்தான். செலவு பண்ண முடியாதவங்க 14416க்கு போன் பண்ணலாம், டெலிமானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

மணாலி_புல்லட்:

மேல சொன்னது கரெக்ட். நான் பைக்ல ஏறிப் போயுமே முதல் நாள் சிகரெட் பத்த வைக்கப் போய் உக்காந்துட்டேன். பிளைட்ல போனா ரெண்டு நாள் சும்மா லே மார்க்கெட், சூப்புன்னு இருக்கணும், மூணாவது நாள்தான் பாங்காங் ஏரி பத்தியே யோசிக்கணும். இன்னொன்னு, லேக்கு பிளைட் பெரும்பாலும் காலைலதான், மதியத்துக்கு மேல பள்ளத்தாக்குல காத்து எகிறும். காலைலயும் மலை மேல கொஞ்சம் ஆட்டும். பயமுறுத்தல, முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லதுன்னு சொல்றேன்.

சும்மா_பயப்படாதீங்க:

இதெல்லாம் ஓவர். டர்புலன்ஸ்ங்கற அந்தக் குலுக்கல் ரோட்டுல பள்ளம் மாதிரி, யாருக்கும் ஒன்னும் ஆகாது. கண்ண மூடிட்டு ஏறுங்க, போதும்.

நட்டு_போல்ட்டு:

தம்பி, "யாருக்கும் ஒன்னும் ஆகாது" தப்பு. 2024 மே மாசம் லண்டன்ல இருந்து சிங்கப்பூர் போன விமானத்துல ஒருத்தர் இறந்துட்டார், நிறைய பேருக்கு அடி. விமானத்துக்கு ஒன்னும் ஆகாதுங்கறது நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது உண்மை, பெல்ட் போடாத ஆளுக்கு ஆகும். சீட் பெல்ட் விளக்கு அணைஞ்சாலும் பெல்ட்டைத் தளர்த்தி வச்சு போட்டே உக்காருங்க அக்கா, அவ்ளோதான் நம்ம கையில இருக்கற வேலை. றெக்கைக்குப் பக்கத்து வரிசை எடுங்க, குலுக்கல் கம்மி. விடிகாலை பிளைட் எடுங்க, தரை சூடாகறதுக்கு முன்னாடி காத்து அமைதியா இருக்கும். நீங்க 2014ல பட்டது மே மாச மத்தியானமா இருந்திருக்கும்னு பந்தயம் கட்டறேன்.

அல்வாசிட்டி_அக்கா:

மத்தியானம் 2 மணி பிளைட்தான் 😳 எப்படிங்க!

அல்வாசிட்டி_அக்கா (5 வாரம் கழிச்சு):

போய்ட்டு வந்துட்டேன். லே இல்ல, லக்னோ. முன்னாள் பேஷன்ட் சொன்ன மாதிரி சின்னதா ஒன்னு, ஒரு மணி நேரம் சொச்சம், சனிக்கிழமை காலை 6 மணி. 14416ல பேசினேன், அந்தப் பொண்ணு மதுரைப் பக்கம் போல, பேச்சுலயே பாதி சரியாயிடுச்சு. மூச்சை மூணு வாரம் பழகினேன்.

கேட்ல உக்காந்து அழுதேன், மறைக்கல. வீட்டுக்காரர் "வேணாம்னா போயிடலாம்"னார், அவர் அப்படி சொன்னதுதான் கோவம் வந்து ஏறிட்டேன். ரம்பச் சத்தம் வந்துச்சு. பையன் முழிச்சான், "ஹைட்ராலிக்டா, பிரஷர் சமன் பண்ணுது"ன்னேன், என்னவோ நானே செஞ்சு மாட்டின மாதிரி. முன்னாடி சீட் அங்கிள் திரும்பிப் பார்த்தார். சத்தம் அடங்கற இடம் மட்டும் தெரிஞ்சே இருந்தும் தாங்க முடியல, வீட்டுக்காரர் கையில நகம் பதிஞ்சிடுச்சு, இன்னும் காட்டிட்டே இருக்கார். அப்புறம் கங்கையான்னு தெரியல, ஏதோ ஒரு ஆறு வெயில்ல தகடு மாதிரி மின்னுச்சு. பையன் என் மேல சாஞ்சு எட்டிப் பார்த்துட்டு இருந்தான், நானும் ஒரு அஞ்சு செகண்ட் பார்த்திருப்பேன்.

திரும்பி வர்றப்ப ரயில்தான் வந்தேன். அவங்க ரெண்டு பேரும் பிளைட், நான் மட்டும் ரயில். ஒரு நாளைக்கு ஒன்னு போதும்னு தோணுச்சு. யாரும் திட்டாதீங்க.

மாமி, நீங்க சொன்னதை பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சுருந்தேன்.

ஜூனுக்கு முன்னாடி இன்னொரு தடவை, போக வர ரெண்டும் பிளைட்ல போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன். அது முடிஞ்சாதான் லே டிக்கெட். ஒரே ஒரு சந்தேகம், லே போறப்ப எந்தப் பக்கம் உக்காந்தா மலை நல்லா தெரியும்? பையனுக்கு, எனக்கில்ல.

நட்டு_போல்ட்டு:

ரெண்டு பக்கமும் மலைதான். ஆனா றெக்கை வரிசைல உக்காந்தா றெக்கைதான் தெரியும். குலுக்கல் கம்மி வேணுமா மலை வேணுமான்னு பையன்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க அக்கா.