தெங்கு மரமா, புல்லா? பிள்ளைகள் இனம் பிரிக்கக் கற்பது எப்படி?

களியக்காவிளைக்காரன்:
மூணாம் வகுப்பு படிக்கும் மகள், ‘ஐந்து மரங்கள் எழுதுக’ என்ற கேள்விக்குத் தெங்கையும் எழுதினாள். டீச்சர் தப்பு போட்டுவிட்டார். கிளை இல்லையாம். வீட்டைச் சுற்றி இருபது தெங்கு நிற்கிறது! வரையறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, பார்த்துப் பழகினால் போதுமா?

இலக்கணப்பித்தன்:
தீர்ப்பு சரி, காரணம்தான் தப்பு. வயிரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல் பகுதி. இன்றைய தாவரவியலும் தென்னையைப் புல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களில்தான் (விதைக்குள் ஒரே இலை உள்ளவை) சேர்க்கிறது. வெறும் கண்ணால் பார்த்து இது வருமா?

பாறசாலைப் பையன்:
அண்ணே, எந்தப் பிள்ளை மரத்தை அறுத்து வயிரம் பார்த்துப் பேசுது? 1968இல் போஸ்னர், கீல் என்ற உளவியலாளர்கள் புள்ளிக் கோலங்களை விதவிதமாகக் கலைத்துக் காட்டி வகை பிரிக்கப் பழக்கினார்கள். மூலக் கோலத்தைக் காட்டவே இல்லை. அப்புறம் அதை நீட்டினால், முன்பின் பார்க்காத அதையும் ஆட்கள் சரியான கூட்டத்தில் சேர்த்தார்கள். வரையறை எங்கே வந்தது?

இலக்கணப்பித்தன்:
1983இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் கிளைட்மன் தம்பதியும் செய்த உளவியல் ஆய்வையும் பாருங்க. இரட்டைப்படை எண்களிலேயே சிலது ‘நல்ல’ இரட்டைப்படை, சிலது அவ்வளவு இல்லை என்று மக்கள் மதிப்பெண் போட்டார்கள். அதற்காக, இரண்டால் வகுபட வேண்டும் என்ற வரையறை பொய்யாகிவிடுமா?

பாறசாலைப் பையன்:
அது கணக்கு. நியாயத்துக்கு வரையறை சொல்லுங்க பார்ப்போம். எங்க வீட்டு நாலு வயசுக்காரன் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) துண்டு சின்னதாக விழுந்தால் ‘இது நியாயமா’ என்கிறான். யார் பாடம் எடுத்தது?

இலக்கணப்பித்தன்:
அக்காவுக்குச் சின்னது விழுந்தால் கேட்கிறானா?

பாறசாலைப் பையன்:
...இல்லை.

ஈர்க்குச்சி:
பேச்சே பாதியைக் கற்றுத்தருகிறது. மாமரத்துக்கு இலை. தெங்குக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு. இவற்றைத் தொல்காப்பியமும் புல்லுக்குத்தான் சொல்கிறது. ‘தென்னை இலை’ என்று அந்தப் பிள்ளை ஒருநாளும் சொல்லியிருக்காது. பிரிவு தெரியும், அதற்குப் பெயர்தான் தெரியாது.

பாறசாலைப் பையன்:
அப்போ வாழை ‘இலை’?

ஈர்க்குச்சி:
அங்கே மாட்டிக்கொண்டேன்.

களியக்காவிளைக்காரன்:
இதையெல்லாம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இன்று தேங்காய் வெட்ட வந்த அண்ணாச்சியிடம் போய், “இது மரம் இல்ல, புல்லு” என்றாள். “புல்லுன்னா நீயே குனிஞ்சு பறிச்சுக்கோ மக்களே” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார்.