பையன் ராத்திரி 1 மணி வரைக்கும் ஏஐகிட்ட பேசிட்டு இருக்கான், போனை புடுங்கலாமா?

மதுரைக்காரி:
பத்தாவது படிக்கிறான். முன்னாடி ரீல்ஸ், இப்ப எதுக்கெடுத்தாலும் சாட்ஜிபிடி. ஹோம்வொர்க்னுதான் ஆரம்பிச்சான், இப்ப ஃப்ரெண்டோட சண்டைன்னா கூட அதுகிட்டதான் கேக்குறான், ஏன்டான்னா "நீ திட்டுவ, அது திட்டாது"ங்கறான். என்ன பண்றதுன்னே தெரியல

தமிழ்வாத்தியார்:
புடுங்காதீங்கம்மா, ஒளிச்சு பார்ப்பான். அது அடுத்து என்ன வார்த்தை வரும்னு கணிச்சு எழுதுற மெஷின், தெரியலன்னாலும் தெரிஞ்ச மாதிரியே அடிச்சு விடும். ஒரு குறள் கேக்கச் சொல்லுங்க, சில சமயம் 1330லயும் இல்லாத குறளை எழுதித் தரும்!! அவனையே செக் பண்ண விடுங்க

பிளஸ்டூ_பையன்:
ஆன்ட்டி, அது புருடா விடும்னு எங்களுக்கும் தெரியும். டியூஷன்ல ஒரே டவுட்ட ரெண்டு தடவ கேட்டா சிரிப்பாங்க, இது சிரிக்காது, அவ்ளோதான். ஆனா மனசுல இருக்கறதெல்லாம் நான் டைப் பண்ண மாட்டேன், எங்க போய் சேருதோ யாருக்கு தெரியும்

திருப்பூர்_அப்பா:
18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு சாட்ஜிபிடி ரூல்ஸ்லயே இருக்குங்க. நம்ம வீட்ல ஃபேமிலி லிங்க்னு பசங்க போனை பெத்தவங்க கன்ட்ரோல் பண்ற கூகுள் ஆப் போட்டு ராத்திரி 10 மணிக்கு லாக், சார்ஜர் ஹால்லதான். மொத வாரம் வீடே போர்க்களம்

மதுரைக்காரி:
குறள் கேட்டுப் பார்த்தோம் சார், புக்கை எடுத்து அவனே அரை மணி நேரம் தேடினான் 😄 சார்ஜர் மேட்டர் இன்னிக்கு ராத்திரி