புதுசாக் கனடா வந்த பிள்ளையளுக்கு: ரென்ற் (காம்பிங் கூடாரம்) வாங்க முதல் மழையை யோசியுங்கோ

யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதிறன். இருபத்திநாலு வருசம் கனடாவிலை ஸ்காபரோவிலை இருந்துபோட்டு, இப்ப அம்மாவோடை இணுவில் வீட்டிலை வந்து நிக்கிறன். எங்கட ஒழுங்கையிலை இருந்து மட்டும் கிட்டடியிலை அஞ்சாறு பிள்ளையள் கனடாவுக்குப் போட்டுதுகள். வேலை, வாடகை, பனிச் சப்பாத்து எண்டு எல்லாம் என்னட்டைக் கேட்டு முடிஞ்சுது. இப்ப கோடை வருகுது, காட்டுப் பூங்காவிலை ரென்ற் அடிச்சுத் தங்கிற காம்பிங் பற்றின கேள்வி துவங்கியிட்டுது. போன கிழமை ஒரு பெடியன் கடைக்குள்ளை நிண்டு ரென்ற் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினான்: "அன்ரி, பெட்டியிலை 4 பேர் எண்டு கிடக்கு, நாங்கள் 6 பேர். நெருக்கிப் படுக்கலாம்தானே?"

படுக்கலாம், திரும்பிப் படுக்க ஏலாது. உன்னைப்போல கேக்கப்போற எல்லாருக்குமாச் சேர்த்து இதிலை எழுதிறன்.

பெட்டியிலை போட்டிருக்கிற ஆள்கணக்கு பந்தியிலை முழங்கால் இடிபட இருத்திற கணக்கு. 4 பேர் ரென்ற் வழமையா 9 அடிக்கு 7 அடி வரும். நாலு பேர் வரிசையாப் படுத்தால் ஆளுக்கு 27 அங்குலம், பைகள் வைக்க ஒரு முழமும் மிஞ்சாது. காத்தடிக்கிற குயின் மெத்தை 5 அடி அகலம். அதை விரிச்சால் மிச்சம் 4 அடி. அதுக்குள்ளைதான் பை, சப்பாத்து, நனைஞ்ச துவாய் எல்லாம். குடும்பமாப் போறவை பெட்டியிலை இருக்கிற எண்ணிலை ரண்டைக் கழியுங்கோ. பெடியள் ஆறு பேர் எண்டால் 4 பேர் ரென்ற் ரண்டு வாங்குங்கோ, மூண்டு மூண்டு பேராப் படுக்கலாம். ஒண்டு ஒழுகினாலும் மற்றது இருக்கு. குறட்டை விடுறவனையும் பிரிச்சு வைக்கலாம்.

இனி மழை. இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு.

நான் வாங்கின முதல் ரென்ற் மலிவு விற்பனையிலை எடுத்தது. கடைக்குள்ளை பாக்க நல்ல வடிவு. மேலை ஒரு சின்னத் துணி, தொப்பி மாதிரி, உச்சியை மட்டும் மூடும். ஒன்ராறியோ மாகாணத்திலை இருக்கிற அல்கொன்குவின் பார்க்குக்குப் போனம், 60ஆம் நெடுஞ்சாலைப் பக்கம். முதல் நாள் இரவே மழை. நேரா விழுந்த மழைக்குத் தொப்பி காணும். காத்தோடை சரிஞ்சு அடிக்கத் துவங்கினவுடனை பக்கச் சுவரெல்லாம் ஊறி, விடிய எழும்பிப் பாத்தால் மகளின்ரை சப்பாத்து தண்ணியிலை மிதக்குது. காருக்குள்ளை ஹீற்றரைப் போட்டுக்கொண்டு நாலு பேரும் இருந்தது இண்டைக்கும் வீட்டிலை கதை.

எங்கட ஆக்களுக்கு இது விளங்காத விசயமே? கிடுகு வேயேக்கை சரிவு காணாட்டி ஒழுகும், தாவாரம் குறைஞ்சால் சுவர் நனையும். ரென்ற்றும் அதேதான். மேல்துணி நிலத்துக்குக் கிட்ட மட்டும் இறங்கிற ரென்ற்றா எடுங்கோ. கடையிலை விரிச்சு வைச்சிருந்தால் சுத்தி நடந்து பாருங்கோ. மேல்துணிக்கும் உள்ரென்ற்றுக்கும் இடையிலை இடைவெளி இருக்க வேணும். ரண்டும் ஒட்டினால் தண்ணி உள்ளை வரும்.

சில ரென்ற்றிலை 1500, 2000, 3000 மி.மீ. எண்டு ஒரு கணக்குப் போட்டிருக்கும். துணிக்கு மேலை அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நிண்டாலும் கசியாது எண்டது அதின்ரை அர்த்தம். மேல்துணிக்கு 1500 ஆவது வேணும், 3000 எண்டால் நிம்மதி. நிலத்துணிக்கு அதைவிடக் கூட வேணும், ஏனெண்டால் நீங்கள் முழங்கால் ஊண்டி இருக்கேக்கை கீழை இருக்கிற தண்ணியை நீங்களே அமத்திறியள். வட அமெரிக்காவிலை விக்கிற கன பெட்டியளிலை இந்தக் கணக்கே இராது. அப்ப தையலைப் பாருங்கோ: உள்பக்கம் தையலுக்கு மேலாலை மினுங்கிற ரேப் ஒட்டியிருக்க வேணும். ஒட்டாத தையல் ஊசியாலை ஓட்டை போட்ட பை மாதிரி.

கீழை ஒரு தறப்பாள் விரிப்பியள். நல்லம். ஆனால் அது ரென்ற்றின்ரை அடியை விடச் சின்னனா இருக்க வேணும், இல்லாட்டி ஓரத்தை உள்ளுக்கு மடியுங்கோ. வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டால் மேலாலை வழியிற தண்ணியை ஏந்தி உங்கட முதுகுக்குக் கீழை கொண்டுவந்து விடும். சுத்தவர வாய்க்கால் வெட்டுற பழக்கம் எங்களுக்குக் கையோடை வந்தது, தெரியும். அங்கை பார்க்கிலை மண்ணை வெட்டக்கூடாது. மேட்டுப் பக்கமாப் பாத்து அடியுங்கோ, பள்ளமான இடம் எவ்வளவு மெத்தெண்டு இருந்தாலும் வேண்டாம்.

இன்னுமொண்டு. விடிய எழும்பேக்கை உள்பக்கம் ஈரமா இருந்தால் உடனை ஒழுகுது எண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடாதையுங்கோ. நாலு பேர் இரவு முழுக்க விட்ட மூச்சு குளிர்ந்த துணியிலை பட்டுத் தண்ணியாகிறது அது. குளிருது எண்டு எல்லா ஓட்டையையும் மூடினால் கூடும். மேலை இருக்கிற காத்துவழியைத் திறந்து வையுங்கோ.

ரென்ற்றைத் தாங்கிற தடி விசயம் சுருக்கமா: ஃபைபர்கிளாஸ் மலிவு, ஆனால் வெடிச்சுப் பிளக்கும், சிராம்பு கையிலை ஏறும். அலுமினியம் விலை கூட, வளையும், முறியிறது குறைவு. வருசத்துக்கு ஒருக்கால் போற ஆக்களுக்கு ஃபைபர்கிளாஸ் காணும், ஒட்டுற ரேப் ஒண்டு கொண்டு போங்கோ. பெட்டியோடை வாற கம்பி ஆணி மட்டும் ஒண்டுக்கும் உதவாது. பார்க்கிலை ரென்ற் அடிக்கிற இடம் கன இடத்திலை சல்லி, இல்லாட்டிக் கல்லு. தடிச்ச இரும்பு ஆணி ஒரு கட்டு தனியா வாங்குங்கோ. ஆணியின்ரை தலை ரென்ற்றுக்கு வெளிப்பக்கமாச் சரிய அடிக்க வேணும், கயிறு இழுக்கிற பக்கத்துக்கு எதிர்த்துக்கொண்டு நிக்கிற மாதிரி. மாடு கட்டத் தறி அடிச்ச ஆக்களுக்கு இது நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அக்கா, மாமி ஊரிலையிருந்து விசிட்டிலை வந்து நிக்கிறா. அவவையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?"

இதை நான் கொஞ்சம் நிண்டு சொல்ல வேணும். எங்கட அம்மா 2005இலை வந்தா. வந்த கோடையே சந்தோசமா ரென்ற் அடிச்சு, மெத்தை விரிச்சு, "வாங்கோம்மா, வந்து படுங்கோ" எண்டு கூப்பிட்டம். அவ வாசல்லை நிண்டு உள்ளை பாத்தா. பிறகு காருக்குள்ளை போய் இருந்திட்டா. "காசு குடுத்து இதுக்குள்ளை படுக்க வந்தனிங்களோ?" எண்டு மட்டும் கேட்டா. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையாலை இடம்பெயர்ந்து வலிகாமத்திலையிருந்து செம்மணி தாண்டி நடந்த சனத்திலை நாங்களும். பிறகு தென்மராட்சியிலை ஒரு வளவுக்குள்ளை, தறப்பாளுக்குக் கீழை, மாரி மழையோடை எத்தினை மாசம். 2009இலை செட்டிகுளம் அகதி முகாமிலை வெள்ளைக் கூடாரத்துக்குள்ளை இருந்து வந்த ஆக்களும் உங்கட வீட்டிலை இருக்கக்கூடும். பிள்ளையளுக்கு ரென்ற் எண்டால் விளையாட்டு. அவைக்கு அப்பிடியில்லை. கேக்காமல் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. "ஒண்டும் செய்யாது வாங்கோ" எண்டு வற்புறுத்தவும் வேண்டாம்.

அடுத்த வருசம் அம்மாவுக்காக யேர்ட் எண்டு ஒரு கூடார வீட்டை வாடகைக்கு எடுத்தம். வட்டமா, மரப்பலகை நிலம், கட்டில், பூட்டுற கதவு, சிலதிலை கரண்ட் ஹீற்றரும் இருக்கும். அல்கொன்குவின், பைனரி, பொன் எக்கோ பார்க்குகளிலை இருக்கு. உள்ளை சமைக்க விடாயினம். தேசியப் பூங்காக்களிலை ஓதென்ரிக் எண்டு பாதி ரென்ற் பாதி கொட்டில் மாதிரி ஒண்டு வாடகைக்கு விடுவினம், அதுக்குள்ளையும் கட்டில் இருக்கு. அம்மா கதவைத் திறந்து பூட்டிப் பாத்தா, ரண்டு தரம். பிறகு படுத்தா. முழங்கால் நோவுக்காரருக்கும் இதுதான் வழி. இரவிலை ரண்டு தரம் எழும்பிப் போற ஆள் குனிஞ்சு தவண்டு வெளியிலை வாறது லேசான வேலையில்லை. ரென்ற்தான் எண்டால் உள்ளை நிமிர்ந்து நிக்கக்கூடிய, 6 அடிக்குக் குறையாத உயரம் பாருங்கோ. ஆனால் உயரமான சதுர ரென்ற் காத்துக்குப் பாய் விரிச்ச தோணி மாதிரி. எல்லாக் கயிறும் இழுத்துக் கட்டத்தான் வேணும்.

இன்னொரு தம்பி: "மே மாசம் விக்டோரியா டே லீவுக்குப் போறம், குளிருக்கு ரென்ற்றுக்குள்ளை சின்ன பார்பிக்யூ வைக்கலாமோ?"

வைக்காதை. கரி, காஸ் அடுப்பு, பார்பிக்யூ ஒண்டும் ரென்ற்றுக்குள்ளை வேண்டாம், நூந்து போன கரியும் வேண்டாம். அதிலையிருந்து வாற காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆள் போயிடும். சிப்பைத் திறந்து வைச்சால் பறவாயில்லை எண்டு ஆரும் சொன்னால் நம்பாதை. குளிர் கீழையிருந்துதான் வருது, அதுக்கு மெத்தையைப் பார். வெறும் காத்து மெத்தை இரவிலை ஐஸ் மாதிரி. கீழை விரிக்கிற காம்பிங் மெத்தையளிலை "R" எண்டு ஒரு கணக்குப் போட்டிருப்பினம். எண் கூடக் கூட நிலத்துக் குளிர் ஏறாது. கோடைக்கு 2 காணும், மே மாசத்துக்கு 4 பக்கம் வேணும். அதோடை மே நடுவிலையிருந்து யூன் கடைசி மட்டும் வடக்குப் பக்கம் கறுப்பு ஈ கடி. முதல் தரம் போறவை யூலை, ஓகஸ்டிலை போங்கோ. மே லீவிலை கன பார்க்குகளிலை மது குடிக்கத் தடையும் இருக்கு, அதையும் காதிலை போட்டு வையுங்கோ.

சாப்பாடு. எங்கட கறியின்ரை வாசம் எங்களுக்குப் பழகிப்போச்சு, கரடிக்குப் பழகேல்லை. கருவாடு, இறைச்சிக்கறி, றோல்ஸ், பிஸ்கற், பற்பசை கூட ரென்ற்றுக்குள்ளை வைக்கக்கூடாது. எல்லாத்தையும் காருக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ. கறி கொட்டுப்பட்ட சேட்டோடை படுக்கவும் வேண்டாம். சமைக்கிற இடத்துக்கு ஒரு தறப்பாளைச் சரிவாக் கட்டினால் மழையிலையும் கொத்துறொட்டி போடலாம். நுளம்புக்கு நாலு பக்கமும் வலை போட்ட பந்தல் மாதிரி ஒண்டு விக்கினம், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு அது ரென்ற்றை விடப் பிரயோசனம். விறகு வீட்டிலையிருந்து ஏத்தாதையுங்கோ, மரத்தை அழிக்கிற பூச்சி அதோடை பரவுது. அங்கையே வாங்குங்கோ.

இடம் பதியிறது: மாகாணப் பூங்காக்களை நடத்திற ஒன்ராறியோ பார்க்ஸிலை வழமையா போற நாளுக்கு 5 மாசம் முன்னம், காலமை 7 மணிக்குத் திறக்கும். நல்ல இடம் நிமிசத்திலை முடிஞ்சுபோகும். மகளுக்கு வேலை எண்டு ஓகஸ்ட் கடைசிக்கான பதிவை மார்ச்சிலை நான் இஞ்சை இருந்துதான் செய்தனான், இணுவிலிலை அப்ப பின்னேரம் நாலரை. ஒரு இடத்திலை ஒரே குடும்பமில்லாட்டி 6 பேர்தான். இருபது பேர் ரண்டு வானிலை போய் இறங்கிப் பைலாப் பாட்டுப் போட்டால் அலுவலர் வருவார், சத்தத்துக்குப் பகலிலையும் தடைதான். கூட்டமாப் போக எண்டு தனி இடங்கள் இருக்கு, அதைப் பதியுங்கோ. ஒரு சாமானும் இல்லாத ஆக்களுக்கு "காம்பிங் பழகுவம்" மாதிரி நிகழ்ச்சிகளை ஒன்ராறியோ பார்க்ஸும் தேசியப் பூங்காக்காரரும் நடத்துகினம். ரென்ற் அவையே தந்து அடிக்கவும் காட்டித்தருவினம். முதல் தரம் அப்பிடிப் போய்ப்போட்டு, பிடிச்சால் வாங்குங்கோ.

வாங்கினாப் பிறகு, போக முதல் ஒருக்கால் அடிச்சுப் பாருங்கோ. இருட்டுக்குள்ளை, மழைக்குள்ளை, பெட்டியிலை இருக்கிற தாளை ரோச் வெளிச்சத்திலை வாசிச்சுக்கொண்டு சண்டை பிடிச்ச புருசன் பெண்சாதியை நான் கண்டிருக்கிறன். (ஒரு சோடி நாங்கள்.) நான் இஞ்சை வரேக்கை பேரப்பிள்ளையளுக்கெண்டு ஒரு ரென்ற் கொண்டு வந்தனான். தை மாசம் முத்தத்திலை அடிச்சு, கிணத்து மோட்டர்க் குழாயாலை கால்மணித்தியாலம் தண்ணி அடிச்சன். பக்கத்து வீட்டு ஐயா வேலியாலை எட்டிப் பாத்து, "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் நடந்ததோ, பந்தல் போடுறாய்?" எண்டு கேட்டார். ஒரு தையல்லை கசிவு பிடிச்சன். தையலுக்குப் பூசிற பசை குப்பியிலை வருது, பூசி ஒரு நாள் காய விட்டன், சரி.

ஈரத்தோடை மடிச்சு வைக்காதையுங்கோ, பூஞ்சணம் பிடிச்சால் அந்த மணம் போகாது. பேஸ்மென்ற்றிலை இருக்கிற பிள்ளையள் குளியலறைத் திரைக் கம்பியிலை ரண்டு நாள் தொங்கப் போடுங்கோ. வீட்டுக்காரர் முறைச்சால் மன்னிப்புக் கேளுங்கோ.

கடைசியா, செப்ரெம்பர் படிப்புக்கு வெளிக்கிடுற ஒரு பிள்ளை சுன்னாகத்திலையிருந்து கேட்டது: ரென்ற் இஞ்சையே வாங்கிக்கொண்டு போகட்டோ எண்டு. வேண்டாம் பிள்ளை. அங்கை கோடை முடியேக்கை விலை விழும், அப்ப வாங்கு. அந்த நிறைக்கு அம்மா இடிச்ச மிளகாய்த்தூளைக் கட்டு. காருக்குள்ளை வை.