ஒரே பை, போகும்போது ஒரு விதி, வரும்போது ஒரு விதியா?

கேள்வி: விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில், போகும்போது லேப்டாப் பையிலேயே இருக்கட்டும் என்றார்கள், நானும் அதை நம்பித் திரும்பும்போது வெளியே எடுக்காமல் நின்றால், இத்தனை பேர் முன்னால் அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். எதுதான் சரி?

பதில் 1: இயந்திரம்தான் வித்தியாசம். பழைய எக்ஸ்ரேயில் படம் தட்டையாக விழும், லேப்டாப் அடியில் இருப்பதை மறைத்துவிடும். புதிய சி.டி. (CT) ஸ்கேனர் முப்பரிமாணத்தில் காட்டுவதால் எடுக்கத் தேவையில்லை.

பதில் 2: சரி, அதை வரிசையின் தொடக்கத்திலேயே எழுதி வைக்கலாமே! கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு 2006-இல் வந்த 100 மில்லி விதியும் அப்படித்தான், அது குப்பியின் அளவுக்கு, உள்ளே மிச்சமிருப்பதற்கு அல்ல என்று யாருமே சொல்வதில்லை. பாதி காலியான என் 150 மில்லி குப்பி ஓரிடத்தில் தாண்டியது, அடுத்த இடத்தில் குப்பைக்குப் போனது.

கேள்வி கேட்டவர்: காரணம் புரிந்தது, நன்றி. அம்மாவைத் திட்டியதுதான் இன்னும் ஆறவில்லை.